கூப்பிட்ட பேரு

உக்காரு மக்ளே. பையை எனக்க மடியில வச்சுக்கிடுதேன். ஜன்னல் பக்கம் வேணுமா? வேண்டாம்னா சரி, எனக்கும் காத்துப் பட்டாத்தான் கொள்ளாம், சொகமா இருக்கும். ஆரல்வாய்மொழி தாண்டுறது வரைக்கும் பேய்க்காத்தா அடிக்கும், பேச்சே கேக்காது. அதுக்குப் பொறவு திருநெல்வேலி வரைக்கும் சும்மா உக்காந்துதான போகணும்.

சிப்ஸ் எடு. நேந்திரங்காய்தான், வீட்டுல வறுத்தது. அந்தப் பன்னை மட்டும் தொடாத மக்ளே. அது வேற ஒரு ஆளுக்கு.

என்ன அப்படிப் பாக்குற, நெஞ்சுல இருக்க நட்சத்திரத்தையா? எல்லாரும் பாக்காவ. பஸ் ஸ்டாண்டுல ஒரு பூக்காரி, நீங்க என்ன கட்சின்னு கேட்டா. கோலத்துல போடுற அதே ஆறுமுனைதான். எங்க பக்கத்து வீட்டு உமையாள் மார்கழி பூரா இதைத்தான் வாசல்ல போடுவா. ஆனா இது கோலம் இல்ல. இஸ்ரவேல் கொடியில உள்ளது. இன்னைக்குப் பாளையங்கோட்டையில கன்வென்ஷன், அந்த தேசத்துக்காக ஜெபம். எங்க சபைப் பொம்பளைங்க எல்லாரும் வெள்ளச் சீல, நெஞ்சுல நீல நட்சத்திரம். பின் குத்துனா கழண்டு விழும்னு தச்சே போடச் சொல்லிட்டாவ. நானே உக்காந்து தச்சேன்.  

மத்தவங்க எல்லாம் வேன்ல போயாச்சு. பாட்டுப் பாடிக்கிட்டு, கையைத் தட்டிக்கிட்டு. எனக்கும் சீட்டு போட்டிருந்தாவ. நான்தான் பஸ்ல வாறேன்னுட்டேன். ஏன்னு பொறவு சொல்லுதேன்.

நான் இன்னைக்கு மேடையில சாட்சி சொல்லணும். கோர்ட்டு சாட்சி இல்ல. ஆண்டவர் எனக்கு என்ன செஞ்சாருன்னு சபைக்கு முன்னால எழும்பிச் சொல்லியது. ஸ்டெல்லாபாய் சாட்சின்னா எங்க பக்கத்துல எல்லா சபைக்கும் தெரியும். களியக்காவிளை வரைக்கும் கூப்பிட்டுக்கிட்டுப் போயிருக்காவ. எத்தனையோ பேர் அதைக் கேட்டு அழுதிருக்காவ. ஒரு யூதப் பெரியவர், நடக்கவே முடியாதவர், கர்த்தருடைய நாமத்தைக் கேட்டு எழும்பி நடந்து, அந்த நாமத்தையே சொல்லிக்கிட்டு மரிச்சார். எங்க சபையில அதைக் கண்ணால கண்டவ நான் ஒருத்திதான்.

இப்போ என்னன்னா, அதைச் சொல்லக் கூடாதாம். மேடையில அந்த தேசத்துலேருந்தே ஒரு யூதப் பெரியவர் வந்து உக்காரப் போறாவ. விருந்தாளி. 'ஸ்டெல்லா, அவிய முன்னால முடிவைச் சொல்லாத, மனசு கஷ்டப்படும். நீ அவங்களை எப்படி நேசிச்சேன்னு மட்டும் சொல்லு, போதும்'னு பாஸ்டர் ஐயா சொல்லியாவ. முடிவைச் சொல்லாத சாட்சி என்ன சாட்சி? நீயே சொல்லு. எனக்கு ஆத்திரமா வருது. ஆத்திரம்தான். வேற ஒண்ணும் இல்ல.

வீட்டுக்காரர் போனப்பொறவுதான் நான் அங்க வேலைக்குப் போனேன். வயசானவங்களைப் பாத்துக்கிடுத வேலை. நம்ம பக்கத்துலேருந்தும் கேரளாவுலேருந்தும் நிறையப் பேரு போகுதாவ. அவங்க பாஷையை இங்கயே கொஞ்சம் படிச்சுட்டுத்தான் போனேன். மத்தவ எல்லாம் குவைத்து, மஸ்கட்டுன்னு போனா வீட்டுல அழுவாவ. நான் போகும்போது சபையே அழுதுச்சு, சந்தோசத்துல. ஆண்டவர் நடந்த மண்ணுல்லா! பாஸ்டர் ஐயா எனக்க தலையில கை வச்சு, 'நீ வேலைக்குப் போகல்ல ஸ்டெல்லா, ஊழியத்துக்குப் போற. அந்த ஜனத்துல ஒரு ஆத்துமாவையாவது சம்பாதிச்சுக்கிட்டு வா'ன்னாவ. ஒரு ஆத்துமா. அதுதான் எனக்கு அவிய குடுத்த பொறுப்பு.

ஹைஃபான்னு ஒரு ஊரு. மலைமேல வீடு, கீழ கடலு. பழைய கட்டடம், லிஃப்ட்டு கிடையாது. அங்கதான் பாட்டா இருந்தாவ. பேரு எப்பிராயீம். தொண்ணூறு தாண்டுன வயசு, மறதி நோய், காலும் வராது, சக்கர நாற்காலிதான். நம்ம ஊருல தாத்தாவைப் பாட்டான்னுதான சொல்லுவோம், அப்படியே கூப்பிட்டேன். அவியளுக்கும் அது பிடிச்சுப் போச்சு. மக இருக்கா, மிரியாம், மிரின்னு கூப்பிடுவோம். ரிட்டயர் ஆகப்போற டீச்சர், பக்கத்துத் தெருவுல வீடு. சாயங்காலம் ஆனா வந்துருவா. நல்லவதான். நல்லவ இல்லன்னு நான் சொல்லல்ல.

எனக்குன்னு ஒரு பழக்கம் உண்டு மக்ளே. உண்டுன்னா, இருந்துச்சு. முட்டுவலிக்காரி பாத்துக்கிடு. உக்காரும்போது ஆண்டவர் பேரைச் சொல்லுவேன், எழும்பும்போது சொல்லுவேன், பால் பொங்குனாச் சொல்லுவேன், கொட்டாவி விட்டாக்கூடச் சொல்லுவேன். நீங்க முருகா, அம்மாங்குறது மாதிரி. எங்க ஆளுங்க கூப்பிடுத அந்தப் பேரு உனக்கே தெரியும். ஏசு. பொறவு ஐயா. ரெண்டையும் ஒட்டி ஒரே மூச்சுல சொல்லு. வாயால வேண்டாம்! மனசுக்குள்ள சொல்லிப் பாரு, போதும்.

முத நாள். பாட்டாவைக் கட்டில்லேருந்து தூக்கி உக்கார வைக்கணும். முட்டு மளுக்குன்னுச்சு. அந்தப் பேரைச் சத்தமாச் சொல்லித்தான் தூக்குனேன். பாட்டா எனக்க கையைப் பிடிச்சாவ பாரு, விடவே இல்ல. 'யாரைக் கூப்பிட்ட?'ன்னு கேட்டாவ. நான் திரும்பவும் சொன்னேன். 'உனக்கு அவனைத் தெரியுமா?'ன்னாவ.

'தெரியும் பாட்டா. நல்லாத் தெரியும்.'

'உயிரோட இருக்கானா?'

எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. வந்த முத நாளே ஒரு யூதர் எனக்கிட்ட இந்தக் கேள்வியைக் கேக்கணும்னா, அது யாரு செய்யிய காரியம்? 'உயிரோட இருக்காரு பாட்டா. செத்துட்டாருன்னுதான் எல்லாரும் நெனச்சாவ. உயிரோட இருக்காரு'ன்னேன். எங்கன்னு கேட்டாவ. இங்கயேதான், நம்மகூடத்தான்னேன். பாட்டா வீடு பூரா கண்ணால தேடுனாவ. 'வருவானா?'ன்னாவ. சீக்கிரம் வருவாருன்னேன்.

அவன் இவன்னு சொல்லியாவளேன்னு எனக்கு முதல்ல ஒருமாதிரிதான் இருந்துச்சு. ஆனா அவங்க பாஷையில நம்ம மாதிரி மரியாதை கிடையாது பாத்துக்கிடு. ராஜாவும் அவன்தான், ஆண்டவரும் அவன்தான்.

அன்னையிலேருந்து பாட்டா மாறிப் போனாவ. முன்னால எல்லாம் சோத்தைத் துப்புவாவளாம், வேலைக்கு வந்த பொம்பளைங்களை அடிப்பாவளாம். எனக்கிட்ட ஒண்ணும் கிடையாது. காலையில எழும்புனதும் குளிப்பாட்டச் சொல்லுவாவ, நல்ல சட்டை போடச் சொல்லுவாவ, நாற்காலியை வாசக் கதவைப் பாத்துத் திருப்பச் சொல்லுவாவ. ஆண்டவர் திரும்பி வாற வருகைக்குக் காத்திருக்காவ! எங்க சபையில எத்தனை பேரு அப்படிக் காத்திருக்கோம்? கதவைப் பூட்ட விட மாட்டாவ. குடுக்குத ரொட்டியில பாதியைப் பிட்டு சட்டைப் பையில வச்சுக்கிடுவாவ. எதுக்கு பாட்டான்னா, அவனுக்குப் பசிக்கும், சின்னப் பையன்லாம்பாவ. நான் குழந்தை இயேசுவைச் சொல்லியாவன்னு நெனச்சேன்.

ஒருநாள் என்னைப் பக்கத்துல கூப்பிட்டு, 'அவன் எனக்க மேல கோவமா இருக்கானா?'ன்னு கேட்டாவ. 'இல்ல பாட்டா. எல்லாத்தையும் மன்னிச்சாச்சு'ன்னேன். 'நிஜமாவா? அவனே சொன்னானா?' 'அவரே சொல்லியிருக்காரு.' பாட்டா அழுதாவ மக்ளே. மத்தியானம் பூரா அழுதாவ. நான் முந்தானையால துடைச்சு விட்டுக்கிட்டே இருந்தேன். நடுவுல, 'ரொட்டிக்கு வரிசையில நின்னேன், அதுதான் நேரமாச்சு, அவன்கிட்டச் சொல்லு'ன்னாவ. மறதிக்காரவங்க எதையாவது சொல்லுவாவதான. சொல்லுதேன் பாட்டான்னேன். அன்னைக்குத்தான் பாஸ்டர் ஐயாவுக்குப் போன் போட்டு, ஒரு ஆத்துமா மனந்திரும்பியாச்சுன்னு சொன்னேன்.

இந்த நட்சத்திரத்தைக்கூட அவிய ஒருநாள் சொல்லியிருக்காவ. எனக்க பேருக்கு நட்சத்திரம்னுதான் அர்த்தமாம், அவியதான் சொன்னாவ. 'எனக்கும் ஒண்ணு இருந்துச்சு. அம்மா சட்டையில தச்சு விட்டா'ன்னு நெஞ்சைத் தொட்டுக் காட்டுனாவ. நான் பள்ளிக்கூட பேட்ஜுன்னு நெனச்சு, என்ன கிளாசுல பாட்டான்னு கேட்டேன். அவிய சிரிச்சாவ. பொறவு மிரி சொல்லித்தான் தெரியும். பெரிய யுத்த காலத்துல, போலந்து நாட்டுல, யூதங்கன்னு அவியளை ஒரு தெருவுல சுவரெடுத்து அடைச்சுப் போட்டு, சட்டையில அடையாளம் தைக்க வச்சாங்களாம். அது கெட்ட காலத்து நட்சத்திரம். நாங்க தச்சிருக்கது அன்புல தச்சது. வித்தியாசம் இருக்குல்லா?

பொறவு எங்க சபையிலேருந்து பரிசுத்த பூமி டூர் வந்தாவ. பாஸ்டர் ஐயா எல்லாரையும் கூட்டிக்கிட்டு பாட்டாவைப் பாக்க வந்துட்டாவ. சின்ன வீடு, நிக்கக்கூட இடமில்ல. பாஸ்டர் ஐயா பாட்டா காலுக்கிட்ட முட்டுப் போட்டு, கையில முத்தம் குடுத்து அழுதாவ. நடிப்பு இல்ல மக்ளே, எங்க பாஸ்டருக்கு அந்த ஜனம்னா உயிரு. மிரிக்கே கண்ணு கலங்கிச்சு. 'உலகமே எங்களைத் திட்டுது. முகம் தெரியாத நீங்க எங்களுக்காக அழுவுறீங்க'ன்னா. பொறவு பாஸ்டர் ஐயா எக்காளம் ஊதுனாவ. ஆட்டுக்கொம்பு எக்காளம், எருசலேம்ல வாங்குனது. ஊதி முடிச்சதும் எல்லாரும் கையைத் தூக்கி ஒரே குரல்ல அந்தப் பேரைச் சொல்லி ஜெபிக்கத் தொடங்குனாவ. வீடே அதிருச்சு.

பாட்டா நாற்காலியைப் பிடிச்சு எழும்பப் பாத்தாவ. முடியல்ல. ஒவ்வொருத்தர் முகமாப் பாத்தாவ. பொறவு முகத்தைப் பாக்கல்ல, கீழ பாத்தாவ. இடுப்பு உயரத்துல. ஒரு சின்னப் பிள்ளை நின்னா எவ்வளவு உயரம் இருக்கும், அந்த உயரத்துல ஆள் ஆளாத் தேடுனாவ. சட்டைப் பையிலேருந்து ரொட்டியை எடுத்து நீட்டுனாவ. பாஸ்டர் ஐயா அதை வாங்கிக் கண்ணுல ஒத்திக்கிட்டாவ. நான் மிரியைப் பாத்தேன். அவ முகம் வெளுத்துப் போயிருந்துச்சு.

டீ குடிக்கும்போது மிரி பாஸ்டர் ஐயாகிட்ட ஒரு கேள்வி கேட்டா. 'எங்களை இவ்வளவு நேசிக்கீங்க. உங்க நம்பிக்கையில கடைசியா எங்களுக்கு என்ன ஆகும்?' ஐயா, 'சமாதானம், பெரிய சமாதானம்'னுட்டு வாட்ச்சைப் பாத்தாவ. பஸ்ஸுக்கு நேரமாச்சு. எல்லாரும் போன பொறவு அவ அடுக்களைக்கு வந்து எனக்கிட்டயும் அதையே கேட்டா. எனக்குப் பொய் சொல்ல வராது மக்ளே. உள்ளதைச் சொன்னேன். உபத்திரவ காலம் வரும், தேசத்துல உள்ளவங்க மூணு பங்குல ரெண்டு பங்கு செத்துப் போவாவ, மீதி ஒரு பங்கு அவரை ஏத்துக்கிட்டுப் பிழைக்கும். நீயும் பாட்டாவும் அந்த ஒரு பங்குல இருக்கணும்னுதான் தினமும் ஜெபிக்கேன்னு அவ கையைப் பிடிச்சேன். அன்பாத்தான் பிடிச்சேன்.

அவ கையை உருவிக்கிட்டா. 'எங்க அப்பாவோட சேத்து மூணு பிள்ளைங்க. ரெண்டு போயாச்சு. ஒண்ணுதான் மீதி. எங்க வீட்டுல அது ஏற்கெனவே நடந்து முடிஞ்சுது, ஸ்டெல்லா. இன்னொரு தடவையா?'ன்னா.

அது மனுஷன் செஞ்ச அநியாயம், இது தீர்க்கதரிசனம், அது வேற இது வேறன்னேன். அவ கேக்கல்ல. உக்காந்து வேற ஒரு கதையைச் சொன்னா. பாட்டாவுக்கு ஒரு அக்கா, ஒரு தம்பி. அக்காவை முதல்லயே கொண்டு போயிட்டாங்க. தம்பி சின்னவன். அவனை ஒரு மாடிப்படிக்குக் கீழ ஒளிச்சு வச்சுட்டு, நான் வந்து பேரைச் சொல்லிக் கூப்பிடுவேன், கூப்பிட்டா மட்டும் வெளிய வான்னு சொல்லிட்டு, பாட்டா ரொட்டிக்குப் போயிருக்காவ. திரும்பி வந்து கூப்பிட்டா ஆள் இல்ல. கூப்பிட்டுக்கிட்டே இருந்திருக்காவ. அதுக்குப் பொறவு அந்தப் பேரை வாயால சொன்னதே கிடையாதாம். கல்யாணம் ஆகி, பிள்ளை பெத்து, இந்த வயசு வரைக்கும்.

அந்தத் தம்பிக்கு ஏசாயா தீர்க்கதரிசி பேருதான் வச்சிருந்தாங்களாம். அவங்க பாஷையில, வீட்டுல செல்லமாச் சொல்லும்போது அது எப்படி விழும் தெரியுமா? நான் சொல்லிக் காட்ட மாட்டேன். நீயே சொல்லிப் பாத்துக்கோ. அவ ஒருதடவ சொன்னா. எனக்கே நான் கூப்பிட்ட மாதிரி இருந்துச்சு.

'தயவுசெஞ்சு அந்த வார்த்தையை இந்த வீட்டுல இனிமே சொல்லாத'ன்னு கையெடுத்துக் கும்பிட்டா. நம்ம ஊரு மாதிரியே கும்பிட்டா, எனக்கிட்டப் பாத்துப் படிச்சது. நான் என்ன செய்ய? இயேசு நாமத்தைச் சொல்லாதேன்னா அதுக்கு என்ன அர்த்தம்? தடை யாரு போடுவான்? ஒரு ஆத்துமா இரட்சிக்கப்படப் போகுதுன்னா சாத்தான் எந்த உருவத்துல எல்லாம் வருவான்னு சின்ன வயசுலேருந்து கேட்டிருக்கேன். ஆனா சம்பளம் தாறவ. சரின்னேன். வாயை அடக்கிக்கிட்டேன். முட்டு வலிச்சா பல்லைக் கடிச்சுக்கிட்டேன்.

பாட்டாதான் விடல்ல. 'ஏன் இப்போ அவனைக் கூப்பிட மாட்டேங்குற? போயிட்டானா? யாராவது பிடிச்சுக்கிட்டுப் போயிட்டாங்களா?' எடுத்த சோத்தை அப்படியே வச்சுருவாவ. நாற்காலியைக் கதவுப் பக்கம் திருப்ப வேண்டாம்னுட்டாவ. சுவரைப் பாத்து உக்காந்திருப்பாவ. ரொட்டியைப் பிட்டு வைக்கியதும் நின்னு போச்சு. ஒரு வாரத்துல தோலும் எலும்புமா ஆயிட்டாவ.  பெத்த அப்பனைப் பாத்துக்கிட்ட மாதிரிதான் பாத்தேன். ஒருநாள் மிரி இல்லாத நேரத்துல காதுக்கிட்டக் குனிஞ்சு மெதுவாச் சொன்னேன். அந்தப் பேரை. அவ்வளவுதான். கண்ணு முழிச்சுது. கஞ்சி குடிச்சாவ. நாற்காலியைத் திருப்புன்னாவ, ரொட்டியை மறுபடியும் பிட்டுப் பையில வச்சாவ. பொறவு தினமும் சொன்னேன், மிரி வாறதுக்கு முன்னால. நீயா இருந்தா என்ன செஞ்சிருப்ப? சொல்லு பாப்போம்.

அப்போதான் அந்த தேசத்துல சண்டை தொடங்கிச்சு. காலையிலயும் மத்தியானமும் சைரன். பழைய கட்டடம்லா, குண்டு துளைக்காத ரூம் கிடையாது, மாடிப்படியில போய்த்தான் உக்காரணும். அங்க அதுதான் பாதுகாப்பான இடம்னு சொல்லுவாவ. மேல உள்ளவங்க கீழ உள்ளவங்க எல்லாரும் வந்து படியில உக்காந்திருப்பாவ. நான் பாட்டாவை நாற்காலியோட வாசல் வரைக்கும் தள்ளிக்கிட்டுப் போவேன். அன்னைக்குப் பாத்து சக்கரம் கம்பளத்துல மாட்டிக்கிட்டு. இழுக்கேன், வரல்ல. சைரன் அலறுது. ஜன்னல் கண்ணாடி எல்லாம் ஆடுது. மிரி ஸ்கூல்ல. எனக்கு என்ன வாயில வரும்? பயத்துல வேற என்ன வரும் மக்ளே? அடிவயித்துலேருந்து கத்துனேன். அந்தப் பேரைத்தான்.

பாட்டா எழும்பிட்டாவ.

நான் தூக்கல்ல. யாரும் தூக்கல்ல. எழும்பி, நேரா நின்னு, வாசலைப் பாத்து நடந்தாவ. எத்தனையோ வருசமா நடக்காத ஆளு. கதவைத் திறந்துக்கிட்டுப் படியில இறங்குதாவ. அந்தப் பேரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டே இறங்குதாவ. பக்கத்து வீட்டுக்காரங்க எல்லாம் அப்படியே வழிவிட்டு ஒதுங்குதாங்க. நான் பின்னால ஓடுதேன், எனக்க முட்டு வரல்ல. அடித்தளத்துக்குப் போயி, கடைசிப் படிக்குக் கீழ, பழைய சைக்கிள் எல்லாம் போட்டு வச்சிருப்பாவ, அந்த இருட்டுக்குள்ள குனிஞ்சு, ரொட்டியை நீட்டிக் கூப்பிட்டாவ. அப்படியே சரிஞ்சுட்டாவ. நான் போய் மடியில எடுத்துப் போடும்போது உயிரு இல்ல.

இதுதான் சாட்சி. நாமத்தைக் கேட்டு முடவர் எழும்புனாரு, நாமத்தைச் சொல்லிக்கிட்டே மகிமைக்குள்ள போனாரு, கையில அப்பம். அது அவருக்கு ஆண்டவர் குடுத்த கடைசி இராப்போஜனம்னு பாஸ்டர் ஐயா சொல்லுவாவ. இந்த இடத்துல சபையே எழும்பி நின்னு கை தட்டும். முகத்துல ஒரு சிரிப்பு இருந்துச்சுன்னு நான் சொல்லுவேன். உனக்கிட்ட சொல்லுதுக்கு என்ன, இறங்கிப் போனா நீ யாரோ நான் யாரோ. சிரிப்பு இல்ல மக்ளே. தேடுற முகம். ஒரு பொருளைத் தொலைச்சுட்டு, இங்கதான வச்சேன்னு பாக்கியோம்லா, அந்த முகம்.

மிரி ஓடி வந்தா. அப்பாவைப் பாத்தா, கையில ரொட்டியைப் பாத்தா, படிக்கட்டுக்குக் கீழ பாத்தா. பொறவு என்னைப் பாத்தா. 'நீ கூப்பிட்டியா?'ன்னா. நான் ஜெபம்தான் பண்ணுனேன்னு சொன்னேன். அது பொய் இல்லியே. அவ என்னைத் திட்டவும் இல்ல, அடிக்கவும் இல்ல. ஏழு நாள் துக்கம் அனுசரிப்பாவ அங்க, நான் அடுக்களையிலேயே இருந்தேன், வந்தவங்களுக்கு டீ போட்டுக் குடுத்தேன். கிளம்புத அன்னைக்கு வாசல் வரைக்கும் வந்தா. 'நீ அவரை ரொம்ப நேசிச்ச, எனக்குத் தெரியும்'னு மட்டும் சொன்னா. சொல்லிட்டுக் கதவைப் பூட்டுனா. தாப்பாள் போடுற சத்தம் கேட்டுச்சு.

ஒரு நன்றி சொல்லல்ல பாரு. அவ்வளவு பாத்தேன்.

இப்போ உனக்குத் தெரியும்லா, நான் ஏன் வேன்ல போகல்லன்னு? அவங்க வழி பூரா அந்தப் பேரைச் சொல்லித்தான் பாடுவாவ. எனக்கு முடியல்ல. ஊருக்கு வந்த புதுசுல ஒருநாள் அடுப்புல பால் பொங்கிச்சு. பழக்க தோசத்துல கூப்பிட்டேன். பின்னால நாற்காலி கிறீச்சுன்னுச்சு. யாரோ எழும்புத மாதிரி. திரும்பிப் பாத்தா நாற்காலி சும்மா கிடக்கு. பூனையா இருக்கும்னு நெனச்சேன். மறுநாள் முட்டு வலிச்சு கூப்பிட்டேன், வாசல் பக்கம் காலடிச் சத்தம். வயசானவங்க நடை, ஒரு காலை இழுத்து இழுத்து. சபையில எல்லாரும் சேந்து கூப்பிடும்போது கடைசி வரிசையில ஒரு ஆளு எழும்பி இடுப்பு உயரத்துல தேடிக்கிட்டே வாற மாதிரி இருக்கும். நான் கண்ணை மூடிக்கிடுவேன். சாட்சி சொல்லும்போதும் அந்த இடம் வந்தா 'நாமம்'னு சொல்லித் தாண்டிருவேன், சபை நிரப்பிக்கிடும். இப்போ கர்த்தாவேம்பேன், ஆண்டவரேம்பேன், அந்தப் பேரை மட்டும் சொல்லியது இல்ல. பிறந்ததுலேருந்து சொன்ன பேரு மக்ளே. எனக்கு ஒரு கஷ்டம்னா கூப்பிடுததுக்கு வேற யாரு இருக்கா? அதைச் சொன்னா வேற ஒரு ஆளு வாறாவ.

பாஸ்டர் ஐயாகிட்ட இதைச் சொல்லல்ல. சொன்னா ஜெபிச்சுத் துரத்துவாவ. பாட்டாவைப் போய்த் துரத்தவா?

இந்தப் பன்னுதான? தினமும் ஒண்ணு வாங்குவேன். வழியில சின்னப் பையன் யாராவது நின்னா குடுத்துருவேன். யாரும் இல்லன்னா வீட்டு மாடிப்படிக்குக் கீழ வச்சுருவேன். காலையில இருக்காது. எலி தின்னும், நாய் தின்னும். ஆனாலும் வைப்பேன். அவிய அவ்வளவு தூரம் கொண்டு போயும் குடுக்க முடியாமப் போச்சுல்லா.

இன்னைக்கு அந்த விருந்தாளி முன்னால நான் என்ன சொல்லணும்? எப்படி நேசிச்சேன்னு சொல்லணுமாம். எக்காளம் ஊதுவாவ. ஊதி முடிச்சதும் மைதானம் பூரா ஆயிரக்கணக்கான பேரு அந்தப் பேரைக் கூப்பிடுவாவ. அப்போ என்ன ஆகும்? நான் மேடையில நிக்கேன், நெஞ்சுல நட்சத்திரம் தச்சிருக்கேன், அவ்வளவு பேரு கூப்பிட்டா அவிய…

ஏசையா!

ஐயோ. என்ன பிரேக்கு இது! ஆடா, குறுக்க வந்தது? இந்த டிரைவர் என்னமா ஓட்டுதான். உனக்கு அடி ஒண்ணும் படல்லியே? நல்லவேளை. தலை முன்னால கம்பியில…

மக்ளே. நான் இப்போ என்ன சொன்னேன்?

சத்தமாவா சொன்னேன்?

பாக்காத. திரும்பிப் பாக்காத. இல்ல, நீ பாரு. எனக்காக நீ பாத்துச் சொல்லு. பின்னால யாராவது எழும்பி நிக்காவளா? வயசானவரா? இறங்குத ஆளா இருக்கும். நாங்குநேரி வந்தாச்சா? வரல்லியா. பின்ன என்னத்துக்கு எழும்பணும்? கம்பியைப் பிடிச்சிருக்காவளா, பிடிக்கல்லியா? எங்க பாக்காவ? என்னையா பாக்காவ, இல்ல, கீழயா? சீட்டுக்கு அடியிலயா?

இந்தப் பன்னைக் கொஞ்சம் பிடி மக்ளே. நான் எழும்பிக்கிடுதேன்.

பாட்டா. இருங்க பாட்டா, எழும்பாதீங்க. வண்டி ஓடுது, விழுந்துருவீங்க. அவன் இங்க இல்ல. நான் கூப்பிட்டது வேற ஆளை.